டேப்லெட்டின் விலையும் செயலியின் தரமும்

ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு டேப்லெட்டுகளைக் கடைக்காரர் மேஜைமேல் அருகருகே வைத்து, ஒன்றின் விலை 12,000 ரூபாய் என்றும் மற்றொன்றின் விலை 35,000 என்றும் சொல்லும்போது, வாங்க வந்தவருக்கு உண்டாகும் திகைப்பு நியாயமானதே. இரண்டிலும் திரை பளிச்சென்று இருக்கிறது. இரண்டிலும் யூடியூப் ஓடுகிறது. இரண்டும் விரலுக்கு இசைந்து கொடுக்கின்றன. பத்து நிமிஷம் நின்றபடியே புரட்டிப் பார்க்கிறவருக்கு அந்த 23,000 ரூபாய் வித்தியாசத்தின் காரணம் புலப்படாது. அதில் கணிசமான ஒரு பகுதி கருவிக்குள்ளேயே இல்லாமல், அந்தக் கருவிக்காக யார் யார் உட்கார்ந்து செயலி எழுதுகிறார்கள், எந்த வருமானத்தை நம்பி எழுதுகிறார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது. இந்த விஷயத்தைத் தெளிவாக அறிய விரும்புகிறவர் 2010 முதல் 2013 வரை நடந்த டேப்லெட் போட்டியை நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது அவசியம். விலையை மட்டும் நம்பி இறங்கியவர்களும், செயலியை நம்பி இறங்கியவர்களும், இரண்டுமின்றிப் பழைய கீர்த்தியை மாத்திரம் நம்பி இறங்கியவர்களும் ஒருசேரச் சந்தைக்கு வந்த காலம் அது.

2010 ஜனவரி 27ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோது, நிபுணர்கள் ஊகித்திருந்த 999 டாலர் என்ற தொகையை முதலில் திரையில் காட்டி, சபையோர் அதைப் பார்த்துப் பழகும்வரை விட்டுவைத்து, பிறகு அதை உடைத்துத் தள்ளி 499 என்ற எண்ணை அந்த இடத்தில் இறக்கினார். நாடகந்தான், ஆயினும் காரியத்தோடு கூடிய நாடகம். ஆடம்பரப் பொருள் விற்பவர் என்று பேரெடுத்த ஆப்பிள் கம்பெனி, விலையிலும் தன்னைச் சுலபமாக எவரும் மட்டம்தட்ட முடியாதபடி ஒரு வரம்பைக் கட்டிவிட்டது. ஏப்ரல் 3ஆம் தேதி விற்பனை தொடங்கி 80 நாட்களுக்குள் 30 லட்சம் ஐபேட்கள் விற்றன. இத்தனைக்கும் ஐபேடுக்கென்றே பிரத்தியேகமாக எழுதப்பட்ட செயலிகள் ஆரம்பத்தில் ஆயிரம் அளவில்தான் இருந்தன. ஐபோனுக்காக எழுதப்பட்டிருந்த சுமார் ஒன்றரை லட்சம் செயலிகளும் அதில் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள், ஓடத்தான் செய்தன, ஆனால் பெரிய திரையின் நடுவே சிறு சதுக்கமாக ஒடுங்கியோ, இரட்டிப்பாக ஊதிப் பெருத்து எழுத்தின் ஓரங்களெல்லாம் பிசிறடித்தோதான் ஓடின.

செயலியின் தரம் என்று இங்கே பேசப்படுவது யாது என்பதை இந்த இடத்தில் சற்று விரித்துச் சொல்லவேண்டும். மின்னஞ்சல் செயலியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கைபேசியில் கடிதங்களின் பட்டியல் முதலில் வரும். ஒன்றைத் தொட்டால் பட்டியல் மறைந்து கடிதம் தோன்றும். அடுத்ததைப் படிக்க மறுபடி பின்னால் வந்து பட்டியலைத் தேட வேண்டும். திரை சிறியதாயிருக்கும்வரை இதற்கு மாற்று இல்லை. ஐபேடின் மின்னஞ்சல் செயலியிலோ, கருவியைக் குறுக்குவாட்டில் பிடித்தால் இடப்பக்கம் பட்டியலும் வலப்பக்கம் கடிதமும் ஒரேசமயத்தில் நின்றன. ஒருவர் காலைத் தபாலை முழுவதும் பின்னோக்கிப் போகாமலே படித்து முடிக்கலாம். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த மாறுதலைச் செய்வதற்கு, திரை அகன்றால் எது எங்கே நிற்கவேண்டும், எந்தப் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டவேண்டும், எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று ஒருவர் புதிதாக யோசித்து, செயலியின் பாதியை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும். ஆப்பிள் தானே முன்நின்று பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் ஆகிய மூன்றையும் ஐபேடுக்காகத் திருத்தி எழுதி, ஒவ்வொன்றையும் 9.99 டாலருக்கு விற்றது. நல்ல செயலிக்கு ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்பதை மற்றவர்களுக்கு நடத்திக் காட்டிய காரியம் இது.

எதிர்த்தரப்பில் முதலில் வந்தது சாம்சங்கின் ஏழு அங்குல கேலக்ஸி டேப். 2010 செப்டம்பரில் அது அறிமுகமானபோது அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2, அந்தப் பதிப்பு டேப்லெட்டுகளை உத்தேசித்துச் செய்யப்பட்டதல்ல என்று கூகிளின் அதிகாரியே அதே மாதம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தயாரித்தவரே கையை விரித்துவிட்ட பொருளை 38,000 ரூபாய்க்கு இந்தியாவில் வாங்கியவர்களின் மனத்துணிவை என்னவென்பது! அடுத்த மாதம் ஜாப்ஸ் தம் பங்குக்கு, ஏழு அங்குல டேப்லெட்டுகள் பிறக்கும்போதே செத்துப் பிறப்பவை என்றும், அவற்றை உபயோகிக்கிறவர் விரல் நுனியை உப்புத்தாளால் தேய்த்துக் கூராக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் ஏளனம் செய்தார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய கம்பெனியே 7.9 அங்குல ஐபேட் மினியை வெளியிட்டது. வியாபாரத்தில் ஏளனங்களுக்கு ஆயுசு அவ்வளவுதான்.

டேப்லெட்டுக்கென்றே கூகிள் செய்த ஆண்ட்ராய்டு 3.0, அதாவது ஹனிகோம்ப், 2011 பிப்ரவரியில் மோட்டோரோலா ஸூம் கருவியோடு வந்தது. விலை 799 டாலர். அதே அளவு சேமிப்பும் 3ஜி வசதியும் கொண்ட ஐபேட் அப்போது 729 டாலர். விலை அதிகமாயிருந்ததோடு, மெமரி கார்டு செருகும் இடம் பின்னால் வரப்போகும் ஒரு மென்பொருள் திருத்தத்துக்காகக் காத்திருந்தது. ஃப்ளாஷ் பின்னால் வரும். 4ஜி வேண்டுமானால் கருவியையே கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மார்ச் 2ஆம் தேதி ஐபேட் 2 வெளியீட்டில் ஜாப்ஸ், தம்மிடம் ஐபேடுக்கான செயலிகள் 65,000 இருப்பதாகவும் ஹனிகோம்புக்கு நூறுதான் இருக்கும் என்றும் கணக்குக் காட்டினார். போட்டியாளர் சொல்லும் கணக்கை அப்படியே நம்புவது விவேகமாகாது. ஒரு வாரம் மட்டுமே வயதான கருவிக்கும் ஏறக்குறைய ஒரு வயதான கருவிக்கும் ஒப்பீடு செய்வதும் நேர்மையான தராசு ஆகாது. இருந்தாலும் வருஷங்கள் சென்ற பின்னும் அந்த இடைவெளி தூர்ந்துபோகவில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது.

அதற்குக் காரணம் ஆண்ட்ராய்டின் ஒரு நற்குணமே என்று சொன்னால் விந்தையாயிருக்கும். பல கம்பெனிகள் பல அளவுகளில் கைபேசி செய்வதால், எந்தத் திரைக்கும் தானாக விரிந்து கொடுக்கும்படி செயலிகளை எழுதுவது ஆண்ட்ராய்டில் முதலிலிருந்தே வழக்கம். கைபேசிச் செயலி பத்து அங்குலத் திரையில் பிசிறின்றி, பிழையின்றி விரிந்தது, விரிந்ததோடு நின்றுவிட்டது. ட்விட்டர் செயலியைத் திறந்தால், இடப்புறம் சிறிய எழுத்தில் ஒரு வரி. அதற்கு வலப்புறம் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றுமில்லாத வெள்ளை. 2012 மார்ச்சில் ஆப்பிளின் டிம் குக் இதே செயலியின் இரண்டு வடிவங்களையும் மேடையில் பக்கம் பக்கமாகக் காட்டியபோது விளக்கமே தேவைப்படவில்லை. ஐபேடில் பழைய செயலி பார்க்கச் சகிக்காமல் இருந்ததால் எழுதியவர் வெட்கப்பட்டுத் திருத்தினார். ஆண்ட்ராய்டில் சகிக்கும்படியாக இருந்ததால் திருத்தவில்லை. போதாக்குறைக்கு, டேப்லெட்டுக்கென்று எழுதியவற்றை மட்டும் பிரித்துத் தேடுவதற்கு அன்றைய ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் வழியில்லை. ஆகவே சிரமப்பட்டு எழுதியவரின் சரக்கும் சிரமப்படாதவரின் சரக்கும் ஒரே குவியலில் கிடந்தன. டேப்லெட் செயலி எப்படி இருக்கவேண்டும் என்று அதை எழுதுவோருக்குக் கூகிள் ஒரு தர விதிப்பட்டியலை வெளியிட்டது 2012 அக்டோபரில்தான்.

சங்கீதச் செயலிகளில் வித்தியாசம் இன்னும் துலக்கமாயிருந்தது. 2011இல் ஐபேடுக்கு 4.99 டாலர் விலையில் வந்த கராஜ்பேண்ட் செயலியில் பியானோக் கட்டையைத் தொட்டால், தொட்ட கணத்தில் ஸ்வரம் எழும். அக்காலத்து ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதே போன்ற கட்டையைத் தொட்டால், விரல் பட்டதற்கும் ஒலி எழுந்ததற்கும் நடுவே காதுக்குத் தெரியும்படி ஓர் இடைவெளி விழுந்தது. தாளம் பிடிக்க முடியாத வாத்தியத்தை யார் வாசிப்பார்? கோளாறு செயலி எழுதியவருடையதன்று. ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் ஒலி கடந்துவந்த பாதையே நீண்டது. சங்கீதச் செயலிகள் வருஷக்கணக்கில் ஐபேடோடு நின்றுவிட்டதற்கு இதுவே பிரதான காரணம்; விலையை எவ்வளவு குறைத்தாலும் இதற்குப் பரிகாரம் கிடையாது.

விலையைக் குறைப்பதால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைப் பரீட்சை செய்து பார்த்தாற்போல் அமைந்தது எச்.பி. கம்பெனியின் டச்பேட் கதை. பாம் கம்பெனியை 120 கோடி டாலருக்கு வாங்கி, அதன் வெப்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை வைத்துச் செய்யப்பட்ட அந்தக் கருவி, 2011 ஜூலை 1ஆம் தேதி, ஐபேடின் அதே 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுகளாக வரிசையில் நிறுத்தி, வேண்டாததை மேல்நோக்கித் தள்ளிவிடும் அதன் ஏற்பாட்டைப் பாராட்டாதவர் இல்லை. பிற்பாடு மற்றவர்களும் அந்த யுக்தியைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கருவி 740 கிராம் கனத்தது; ஐபேட் 2 சுமார் 600 கிராம்தான். டச்பேடுக்கென்று எழுதப்பட்ட செயலிகள் முந்நூறு அளவில் இருந்தன. ஆகஸ்ட் 18ஆம் தேதி, ஐம்பது நாள்கூட நிறையாத நிலையில், இனி இதைச் செய்யப்போவதில்லை என்று எச்.பி. அறிவித்து, இருந்த சரக்கை 99 டாலர் முதலான விலைக்குத் தள்ளிவிடத் தொடங்கியது. 32 ஜி.பி. மாதிரியின் உதிரி பாகங்களுக்கே 300 டாலருக்கு மேல் ஆகும் என்று ஐசப்ளை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருந்த பொருள் அது! கடைகளில் வரிசை நின்றது. இணையக் கடைகள் திணறின. வாரக் கடைசிக்குள் பெரும்பாலான இடங்களில் சரக்குத் தீர்ந்தது. அவ்வளவு பேர் வாங்கிய பின்னராவது செயலிகள் வந்து குவிந்தனவா என்றால், இல்லை. நாளைக்கு இருக்காது என்று தெரிந்த மேடைக்காக எவரும் நாடகம் எழுதவில்லை. வாங்கியவர்களில் சாமர்த்தியசாலிகள் சில மாதங்களுக்குள் சயனோஜென்மோடு என்ற பெயரில் ஆண்ட்ராய்டையே அதற்குள் ஏற்றி, வேறொரு வீட்டுச் செயலிகளைக் கொண்டு காலம் தள்ளினார்கள். மலிவு விலை கூட்டத்தைச் சேர்க்கவல்லது என்பதும், அந்தக் கூட்டம் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையை அது செயலி எழுதுவோரிடத்தில் உண்டாக்காது என்பதும் ஒரே மாதத்தில் நிரூபணமாயின.

பிளாக்பெர்ரி பிளேபுக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்னஞ்சலால் உலகப் புகழ் பெற்ற கம்பெனி, 2011 ஏப்ரலில் 499 டாலருக்கு விற்ற டேப்லெட்டில் மின்னஞ்சல் செயலி இல்லை. பிளாக்பெர்ரி கைபேசி ஒன்றை அதோடு இணைத்தால்தான் கடிதம் படிக்கலாம். குறை தீர்ந்தது அடுத்த வருஷம் பிப்ரவரியில். அதற்குள் விற்காத சரக்குக்காக 48.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியாயிற்று. ஆண்ட்ராய்டுச் செயலியை மாற்றியமைத்துக் கொடுப்பவருக்கு ஒரு பிளேபுக் இலவசம் என்றும் அறிவித்துப் பார்த்தார்கள். செயலி எழுதுகிறவருக்குக் குறைவாயிருந்தது டேப்லெட் அன்று, வாடிக்கைக்காரர் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மைக்ரோஸாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்.டி. 2012 அக்டோபரில் அதே 499 டாலருக்கு வந்து, விண்டோஸ் என்ற பெயரைத் தாங்கியும் பழைய விண்டோஸ் நிரல் ஒன்றையும் ஓட்ட முடியாமல், அடுத்த ஜூலையில் 90 கோடி டாலர் நஷ்டத்தை ஒப்புக்கொள்ள வைத்தது.

இவர்களுக்கு மாறாக, மலிவு விலையிலேயே நிலைபெற்ற இரண்டு கருவிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு சாதுரியத்தால் நிலைபெற்றன. 2011 நவம்பரில் 199 டாலருக்கு வந்த அமேஸானின் கிண்டில் ஃபயரில் கேமரா இல்லை, மைக் இல்லை, கூகிளின் செயலிக்கடை இல்லை. செய்கூலி 200 டாலரை ஒட்டியிருக்கும் என்பது ஐசப்ளையின் கணக்கு. கருவியை அடக்க விலைக்கே விற்பதாக ஜெஃப் பெசோஸும் அடுத்த வருஷம் ஒப்புக்கொண்டார். லாபம் புத்தகத்திலும் சினிமாவிலும் பாட்டிலும் இருந்தது. ஆகையால் ஆயிரக்கணக்கான செயலிகள் இல்லாதது அந்தக் கருவிக்குப் பெரிய ஊனமாகவில்லை. 2015இல் அதே வம்சத்துக் கருவியை 49.99 டாலருக்கு இறக்கி, ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று கட்டுக்கட்டாக விற்றார்கள். கூகிளும் ஏசஸும் சேர்ந்து 2012இல் அதே 199 டாலருக்கு விட்ட நெக்ஸஸ் 7 வேறு ஜாதி. பத்து அங்குலத்தில் அவலட்சணமாக விரிந்த கைபேசிச் செயலிகள் ஏழு அங்குலத்தில் உறுத்தாமல் பொருந்தின. செயலி எழுதுவோரை மாற்ற முடியாத கூகிள், திரையைச் சுருக்கி அவர்களோடு சமாதானம் செய்துகொண்டது. ஆப்பிளும் ஐபேட் மினியில் இதே பிரச்னையைத் தன் வழியில் தீர்த்தது: பழைய ஐபேடின் 1024க்கு 768 என்ற புள்ளிக் கணக்கைச் சிறிதும் மாற்றாததால், இருந்த ஐபேட் செயலிகள் அத்தனையும் அப்படியே ஓடின. அதற்கு 329 டாலர் வாங்கினார்கள், ஜனங்கள் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் இந்த விவாதம் ஆகாஷ் என்ற பெயரில் நடந்தது. 35 டாலர் கணினி என்று 2010 ஜூலையில் மாதிரி காட்டப்பட்டு, 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட அந்தக் கருவியை, டேட்டாவிண்ட் கம்பெனி அரசுக்கு 2,276 ரூபாய் விலையில் தந்தது. அதே வருஷம் ஜனவரியில் இங்கு வந்த ஐபேட் 27,900 ரூபாய். பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைந்த விலை என்ற பெருமிதத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ராம், தொட்டால் போதாமல் நகத்தால் அழுத்த வேண்டிய திரை, ஆண்ட்ராய்டு 2.2. கூகிளின் செயலிக்கடைக்கு அனுமதி இல்லாததால் கெட்ஜார் என்ற வேறொரு கடையை நாடவேண்டியிருந்தது. தமிழ் மாணவருக்கு மற்றொரு சங்கடம்: அந்தத் தலைமுறை ஆண்ட்ராய்டுக் கருவிகளில் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கட்டம் கட்டமாகவே தோன்றும்; ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்புக்குள் புகுந்து ஒரு குமிழை மாற்றினால், எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும், அதை வைத்துப் பத்திரிகை படிக்கலாம். (ஐபேடும் இந்த விஷயத்தில் மார்தட்டிக்கொள்ள முடியாது; அதில் தமிழ் விசைப்பலகை கூடவே வந்தது 2013இல்; அதுவரை செல்லினம் போன்ற தனிச் செயலியில் எழுதி, நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தோம்.) 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2, தொட்டால் உணரும் திரையும் ஒரு கிகாஹெர்ட்ஸ் பிராசஸருமாகப் பெரிதும் தேறியிருந்தது. அதைவிடச் சிறந்த காரியம், பம்பாய் ஐ.ஐ.டி.யில் அந்தக் கருவிக்காக ஸைலாப், சி, பைத்தான் முதலியவற்றை ஓடச் செய்ததும், வகுப்பறையில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு மாணவர் பதில் அழுத்தும் செயலியை உருவாக்கியதுமாகும். இந்த வேலை கருவிக்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதல் ஆகாஷுக்குச் சற்று முன்பு, 2011 செப்டம்பரில், தமிழக அரசு டேப்லெட்டை நாடாமல் விலையில்லா மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தது. செலவு பல மடங்கு கூடுதலாயினும், பல வருஷங்களாக எழுதிச் சேர்ந்திருந்த நிரல்கள் அதில் முதல் நாளே ஓடின என்பதை நினைத்தால், அன்றைய நிலையில் அது புத்திசாலித்தனமான தேர்வென்றே தோன்றுகிறது.

விலையைக் கணக்கிடுவதிலும் ஒரு முறை உண்டு. 2011 மார்ச்சில் 499 டாலருக்கு வாங்கிய ஐபேட் 2க்கு 2015இல் வந்த ஐ.ஓ.எஸ். 9 வரை புதிய பதிப்புகள் வந்தன. 2016 வரை அது புதுச் செயலிகளோடு ஒத்துப்போயிற்று. ஆக வருஷத்துக்கு நூறு டாலர். முதல் கேலக்ஸி டேப் ஆண்ட்ராய்டு 2.3ஓடு நின்றுபோய், டேப்லெட்டுக்கான ஹனிகோம்பையே கண்ணால் பாராமல் ஓய்ந்தது. இப்போது நிலைமை சமப்பட்டு வருகிறது: 2024இல் வந்த டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருஷம் பதிப்புகள் தருவதாகச் சாம்சங் வாக்களித்திருக்கிறது. கூகிளும், பெரிய திரைகளுக்கென்று ஆண்ட்ராய்டு 12எல் பதிப்பை 2022இல் வெளியிட்டு, 2023க்குள் தன் சொந்தச் செயலிகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை டேப்லெட்டுக்காகத் திருத்தியிருக்கிறது. ஹனிகோம்ப் வந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு செய்த வேலை. தாமதமானாலும் பலன் தெரிகிறது.

ஐபேடின் செயலி வளத்தைப் புகழ்கிறவர்கள் சில விஷயங்களை மறைத்துவிடுகிறார்கள். அதில் கால்குலேட்டர் வந்தது 2024இல். வாட்ஸ்அப் 2025 மே மாதத்தில். இன்ஸ்டகிராம் அதே வருஷம் செப்டம்பரில். பதினான்கு பதினைந்து வருஷம் இந்தச் செல்வச் சீமானின் வீட்டில் இந்தப் பாத்திரங்கள் இல்லை. ஆனால் சித்திரம் வரைகிறவருக்கு நிலைமை வேறு, டாஸ்மேனியாவில் உருவாகி 2011இல் வெளிவந்த ப்ரோகிரியேட் டேப்லெட்டுகளில் இன்றளவும் ஐபேடில் மட்டுமே கிடைக்கிறது, ஒருமுறை 12.99 டாலர் கொடுத்தால் தீர்ந்தது. ஆகவே பாடப் புத்தகம் படிக்கவும், வகுப்பு வீடியோ பார்க்கவும், கடிதம் எழுதவும் டேப்லெட் தேடுகிறவர், பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை வருஷம் வரும் என்பதை விசாரித்துக்கொண்டு, நடுத்தர விலை ஆண்ட்ராய்டை வாங்குவதில் நஷ்டமேதுமில்லை. வரைவதும் இசைப்பதும் படம் வெட்டி ஒட்டுவதும் தொழிலாகக் கொண்டவர் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். அப்படிக் கொடுப்பவர் செயலியின் விலையையும் தனியே கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. சந்தாமுறை வந்தபின் அந்தக் கணக்கு மாறியிருக்கிறது. ஐபேடுக்காக 2023 மே மாதம் வந்த ஃபைனல் கட் ப்ரோவுக்கு வருஷத்துக்கு 49 டாலர் கட்டணம் வைத்தார்கள். ஏழு வருஷம் கட்டினால் 343 டாலர். 2025இல் வந்த சாதாரண ஐபேடின் விலை 349.